பங்காருபேட்டை பிளாட்பாரத்தில் கர்த்தரோடு சண்டை போட்டேன்

சபையாரே, இதைச் சாந்தமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. கோபம் இன்னும் அடங்கவில்லை. அந்தக் கோபத்தோடேயே ஆண்டவருக்கு நன்றி சொல்ல நிற்கிறேன்.

என் பெயர் குளோரி. கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் இருக்கிறேன். தினமும் ரயிலேறி பெங்களூருக்குப் போய் ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்கிறேன். கணவர் இறந்து ஐந்து வருடமாகிறது. ஒரே மகள் பெனிட்டாவுக்குப் போன வருடம் கோலார் பக்கம் ஒரு கல்லூரியில் நர்சிங் சீட் கிடைத்தது. அரசாங்க ஸ்காலர்ஷிப்பை நம்பித்தான் சேர்த்தேன்.

வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதார் என்று ஒவ்வொன்றுக்கும் லீவு போட்டு வரிசையில் நின்று வாங்கினேன். ஆன்லைனில் விண்ணப்பித்தோம். நான்கு மாதமாகியும் ஒன்றும் வரவில்லை. கல்லூரி கிளார்க்கைக் கேட்கும்போதெல்லாம் அரசாங்கத்திலிருந்து வரவில்லை என்றே சொன்னார். நவம்பரில், ஃபீஸ் கட்டாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்று பெனிட்டாவை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பினார்கள். அவள் புத்தகங்களைப் பையில் கட்டி, துணிக்கடையில் வேலைக்குப் போகிறேன் என்றாள்.

சபையில் ஒரு பெரியவரிடம் சொல்லி அழுதேன். "ஒருவேளை அதுதாம்மா தேவ சித்தம். பொண்ணை வேலைக்கு அனுப்பு" என்றார். அன்று அவருக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இன்று சொல்கிறேன். அது தேவ சித்தமல்ல. ஒரு மனுஷனுடைய சோம்பேறித்தனம்.

மறுநாள் காலை பங்காருபேட்டையில் வண்டிக்காகக் காத்திருந்தபோது ஜெபித்தேன். அதை ஜெபம் என்பீர்களோ என்னவோ. நீர் விதவைகளின் தேவன் என்றால் எங்கே போனீர், இன்றைக்கே பதில் சொல்லும் என்று கேட்டேன். வாய்விட்டுப் பேசியது எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கன்னடக்கார அம்மா திரும்பிப் பார்த்து, என்ன விஷயம் என்று கேட்டார். அவர் வேறொரு கல்லூரியில் ஸ்காலர்ஷிப் விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறவராம்.

என் போனை வாங்கி பெனிட்டாவின் விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தார்.

"அம்மா, இது கவர்ன்மெண்டுக்கே போகலை. உங்க காலேஜ்லயே நிக்குது. அவங்க சரின்னு அனுப்பணும். வெள்ளிக்கிழமை லாஸ்ட் டேட்."

பேப்பரில் தப்பு என்று கல்லூரியில் சொன்னால், அதை எழுதித் தரும்படி கேட்கவும் சொல்லிக் கொடுத்தார்.

அது புதன்கிழமை. நான் பெங்களூரு வண்டியில் ஏறவில்லை. பெனிட்டாவை வரச்சொல்லி, கோலார் பஸ் பிடித்தேன். கிளார்க் தேநீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாளைக்கு வா என்றார்.

"என் பொண்ணு பேப்பர்ல இன்னா தப்பு கீதுன்னு எழுதிக் குடுங்க சார். எழுதிக் குடுத்தா போய்டறேன்" என்றேன்.

அவரால் எழுத முடியவில்லை. எழுத ஒன்றுமில்லையே! சத்தம் கேட்டுப் பிரின்சிபால் வந்தார். அவர் முன்னால் கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். அந்தத் தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது. நான்கு மாதம் என் பிள்ளை தூங்காமல் அழுததற்கு அவ்வளவுதான் விலை.

அவளோடு படிக்கும் ஆறு பிள்ளைகளின் விண்ணப்பங்களும் அங்கேயே கிடந்ததைப் பெனிட்டாதான் திரையில் பார்த்தாள். அவற்றையும் அனுப்பும்வரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஸ்காலர்ஷிப் வந்தது. பெனிட்டா பரீட்சை எழுதினாள். இப்போது இரண்டாம் வருடம், ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போகிறாள். அந்தக் கன்னடக்கார அம்மாவின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அவரை அந்த பெஞ்சில் உட்காரவைத்தவரை அறிவேன்.

முன்பெல்லாம் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அழுவேன். இப்போது அப்படியில்லை. உங்களுக்கும் கோபம் இருந்தால் அதை ஆண்டவரிடம் மறைக்காதீர்கள். அவர் தாங்குவார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கடைசி வரிசையில் இருப்பேன். பிள்ளைகளின் பேப்பர்களைக் கொண்டு வாருங்கள். முதலில் சேர்ந்து ஜெபிப்போம். பிறகு சேர்ந்து போய்க் கேட்போம்.