விசாகப்பட்டினத்தில் நான் பார்த்தவை

நான்காம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் அப்பா விமானப்படையில் இருந்தார். கிழக்குத் தாம்பரத்தில் அது அப்படியொன்றும் அதிசயமில்லை. ஆனால் அவள் ஒரு நிஜ விமானத்துக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டு வந்திருந்தாள். அதைச் சொல்லிச் சொல்லியே அந்த வருடம் முழுவதும் வகுப்பைத் தன் கைக்குள் வைத்திருந்தாள்.

அதனால்தான் கோடை விடுமுறைக்கு விசாகப்பட்டினம் போகிறோம் என்று அப்பா சொன்னதும், அங்கே கடற்கரையில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலையே மணலில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள், டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம் என்று தெரிந்ததும், மறுநாளே வகுப்பில் அறிவித்துவிட்டேன். விமானத்தை யார் வேண்டுமானாலும் அண்ணாந்து பார்க்கலாம். கடலுக்கு அடியில் போகிற கப்பலை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்பது என் கட்சி.

அம்மாவின் அப்பாவான தாத்தா எங்களோடுதான் இருந்தார். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் டிக்கெட் கேட்கிற மாதிரிதான் இருக்கும். முழங்கால் வலியென்று அவர் வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சாலையைக் கடந்து, சென்ட்ரலில் ராத்திரி வண்டியைப் பிடித்தோம். அப்பா ரொட்டியும் ஜாமும் எடுத்துக் கொடுத்தார். அம்மா எதையும் சாப்பிடாமல் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

காலையில் இறங்கினால் அப்படியொரு வெயில். எங்கள் ஊரிலும் வெயில் உண்டு. ஆனால் அந்த வெயில் கடலில் பட்டு, திரும்பி வந்து முகத்தில் அடித்தது. முதல் வேலையாக அப்பாவைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அன்று வார விடுமுறை. கேட் பூட்டியிருந்தது. கம்பி வழியாகப் பார்த்தேன். கறுப்பாக, தெரு நீளத்துக்கு, கரையில் ஒதுங்கிய பெரிய மீன்போலக் கிடந்தது. "நாளைக்கு மத்தியானம் கண்டிப்பா," என்றாள் அம்மா. கையிலடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்கு ரோப் காரில் மலையேறினோம். கீழே கடல் நீலத்துணியை உதறி விரித்ததுபோல இருந்தது. மறுநாள் காலையில் துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு குன்றின் மேல் இருந்த மாதா கோயிலுக்குப் போனோம். கீழே கப்பல்கள் வரிசையாக நின்றன. அப்பா ஒவ்வொன்றாகக் கொடியைப் பார்த்து நாட்டின் பெயர் சொன்னார். பாதி அவர் கற்பனை என்று இப்போது நினைக்கிறேன். அம்மா உள்ளே முழங்காலிட்டவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. நான் போய் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

அதற்குப் பிறகு ஆட்டோவில் ஒரு வீட்டுக்குப் போனோம். அம்மாவோடு படித்த ஆன்ட்டி வீடு, சாப்பிட்டுவிட்டுப் போய்விடலாம் என்றாள். கதவைத் திறந்த ஆன்ட்டி எங்களைப் பார்த்து, வாங்க என்றுகூடச் சொல்லாமல் நின்றுகொண்டிருந்தார். அம்மாவும் அப்படியே நின்றாள். "வெயில்ல எவ்ளோ நேரம் நிக்கிறது, உள்ள போலாம்," என்று அப்பாதான் சொன்னார்.

அந்த வீட்டைப் பற்றி எனக்கு ஞாபகம் இருப்பது சுவர்க் கடிகாரம் ஒன்றுதான். நாங்கள் உள்ளே போனபோது மணி ஒன்று. சாப்பாடு முடிந்தபோது இரண்டேகால். ஆன்ட்டியும் அம்மாவும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, சத்தம் வெளியே வராமல் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போய் நின்றால் நிறுத்திக்கொள்வார்கள். இரண்டே முக்காலுக்குக் கேட்டேன். மூன்று மணிக்குக் கேட்டேன்.

"வண்டி ராத்திரிதானே. சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கலாம்டா," என்றாள் அம்மா. "கப்பல அடுத்த தடவ வரும்போது பாக்கலாம்."

"நீ ப்ராமிஸ் பண்ண."

"அப்பா கூட்டிட்டுப் போகட்டுமா?"

"நீயும் வரணும். நீதான் ப்ராமிஸ் பண்ண."

அப்புறம் நான் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. கூடத்தில் தரையில் உட்கார்ந்து, காலை உதைத்து, உள்ளே யாரோ தெலுங்கில் என்னவென்று கேட்கும் அளவுக்கு அழுதேன். அப்பா என்னைத் தூக்கப் பார்த்தார். தூணைக் கட்டிக்கொண்டேன். கடைசியில் ஆன்ட்டிதான் எழுந்து வந்தார்.

"கூட்டிட்டுப் போ. குழந்தை ஆசைப்படுது இல்ல."

"நீயும் வாக்கா," என்றாள் அம்மா.

"மாமியார விட்டுட்டு எங்க வர்றது? ஒரு பக்கமா திரும்பக்கூட நான்தான் வேணும்."

வாசலில் ஆன்ட்டி என் முகத்தைத் தன் சேலையால் துடைத்துவிட்டார். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நீர்மூழ்கிக் கப்பலை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும். வட்டமான வாசல்களில் குனிந்து, காலைத் தூக்கி வைத்து நுழைய வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகப் பலகைக் கட்டில்கள், சுவரெல்லாம் முள் அசையாத மீட்டர்கள், ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய சமையலறை. குண்டு அனுப்பும் குழாய்க்குள் தலையை விட்டுப் பார்த்தேன். அப்பா என்னோடு வந்தார். அம்மா வெளியே கடலைப் பார்த்தபடி மணலில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் திரும்பி வந்தபோது, "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள். அவள் கண் சிவந்திருந்தது. மணல் விழுந்துவிட்டது என்றாள்.

ஊர் திரும்பிய அன்று தாத்தா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"எங்கெல்லாம் போனீங்க?"

மூச்சுவிடாமல் சொன்னேன். கதை கப்பலுக்குள் வந்ததும் எழுந்து நின்று, நடந்தே காட்டினேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"சாப்பாடெல்லாம் எங்க?"

"ஓட்டல்ல. ஒரு நாள் மட்டும் ஒரு ஆன்ட்டி வீட்ல."

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. தாத்தா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"வீடு எப்படி, சொந்த வீடா?"

"தெரியல தாத்தா."

"குழந்தைங்க இருக்காங்களா?"

"தெரியல. கப்பலுக்குள்ள பெட்ரூம் எப்படி இருக்கும் தெரியுமா?"

"அந்த ஆன்ட்டி ஒல்லியா, குண்டா?"

"சாதாரணமா இருந்தாங்க."

அவர் தன் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். பிறகு, "சரி, கப்பலைப் பத்திச் சொல்லு," என்றார். நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

இரண்டு வருடம் கழித்துத் தாத்தா இறந்தபோது அந்த ஆன்ட்டி வந்தார். பெட்டியின் தலைமாட்டில் விழுந்து "அப்பா" என்று அழுதார். அவர் அம்மாவின் சொந்த அக்கா என்றும், கூட வேலை பார்த்த தெலுங்குக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டதால் தாத்தா அவர் பெயரையே வீட்டில் எடுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார் என்றும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அம்மா பதின்மூன்று வருடம் கழித்து அவரை அந்த ஒரு மதியம்தான் பார்த்திருக்கிறாள். அதில் சாயங்காலத்தை நான் பிடுங்கிக்கொண்டேன்.

இன்னொன்றை அப்பா சென்ற வருடம்தான் சொன்னார். அந்த லீவுக்கு அவர் கொடைக்கானலுக்குத்தான் டிக்கெட் எடுக்க இருந்தாராம். தாத்தாதான் வந்து, குழந்தைக்குக் கடலும் கப்பலும் காட்டுங்கள், விசாகப்பட்டினம் போங்கள் என்று சொல்லியிருக்கிறார். ஏன் அந்த ஊர் என்று அவரும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. அம்மாவுக்கு இது தெரியாமலே போயிற்று. தாத்தாவுக்குத் தெரியாமல் அக்காவைப் பார்த்துவந்ததாகவே அவள் கடைசிவரை நினைத்திருந்தாள்.

தாத்தா என்னிடம் கேட்டுக்கொண்டிருந்த அன்று, எல்லாம் தெரிந்தவள் பத்தடி தூரத்தில் சமையலறையில் நின்றிருந்தாள். அவளை அவரால் கேட்க முடியவில்லை. அவளாலும் வந்து சொல்ல முடியவில்லை. தன் மகளைப் பார்த்துவிட்டு வந்தவர்களில் அவர் வாய்விட்டு விசாரிக்க முடிந்தது என்னை மட்டும்தான். அவ்வளவு பெரிய கப்பலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, இவர் ஏன் யாரோ ஒருவர் வீட்டைப் பற்றிக் கேட்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.