மேடம் சொல்றாங்க

காரை ரிப்பேருக்கு விட்டால் என்ன குறை என்று ஒரு மஞ்சள் அட்டையில் எழுதிக்கொள்வார்கள். எனக்கு எழுதிய அட்டையை வேலை முடிந்ததும் கேட்டு வாங்கி வந்தேன், இன்னும் தூக்கிப் போடவில்லை. "லெஃப்ட் சைடு சத்தம் – மேடம் சொல்றாங்க" என்று இருக்கிறது. அன்றைக்கு அந்தக் கடைப் பலகையில் இன்னும் நான்கைந்து அட்டைகள் செருகியிருந்தன. ஒன்றில் "பிரேக் சத்தம்". இன்னொன்றில் "ஏசி கூலிங் கம்மி". எந்த சாரும் எதையும் சொன்னதாக எழுதவில்லை. அவர்கள் வண்டியில் சத்தம் இருந்தது. என் வண்டியில் சத்தம் இருப்பதாக நான் சொல்லிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

நான் மருந்தாளுநர். மலைமேல் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. வயிற்று வலி என்று வருகிறவரின் சீட்டில் வயிற்று வலி என்றுதான் எழுதியிருக்கும். "இவர் சொல்கிறார்" என்று ஒட்டுப்போட்டு எழுதிய சீட்டு இத்தனை வருடத்தில் ஒன்றுகூட என் ஜன்னலுக்கு வந்ததில்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலையேறி, கரியாலூர் பக்கம் தினமும் போய் வருகிறேன். பழைய சின்ன கார். என் சம்பளத்தில் வாங்கியது, ஆர்.சி. என் பெயரில் இருக்கிறது. அதை ஓட்டுகிற ஒரே ஆள் நான்தான். என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளப் போன இரண்டாம் நாளே, சொல்லிக்கொடுத்தவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தார். அதில் எனக்கு அவர்மேல் ஒரு குறையும் இல்லை.

மழை விட்ட கையோடு அந்தச் சத்தம் தொடங்கியது. கொண்டை ஊசி வளைவில் இடது பக்கம் முழுசாக ஒடித்து ஏறும்போது முன்சக்கரத்துப் பக்கம் 'டொக்' என்று கேட்கும். கூடவே ஸ்டீரிங் ஒரு விரலளவு சும்மா ஆடும். கீழே சமமான ரோட்டில் ஒன்றுமே இருக்காது. என்னோடு வண்டியில் வரும் நர்ஸ்தான் அதை முதலில் கேட்டாள்.

"அக்கா, கீழ இன்னாவோ கயண்டுக்கினு வர்ற மாதிரி கீதே" என்றாள்.

கடைக்குப் போனேன். மெக்கானிக் முதலில் காரைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"சார் வரலைங்களா?"

வரவில்லை என்றேன். சத்தம் எங்கே, எப்போது, எந்தப் பக்கம் ஒடித்தால் வருகிறது என்று விளக்கினேன். அவர் அட்டையில் மேலே சொன்னதை எழுதிவிட்டு, பைபாஸில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, சத்தமே இல்லை என்றார். மலையில்தான் வரும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே வீல் அலைன்மென்ட் செய்து அனுப்பிவிட்டார்.

மறுநாள் அதே வளைவில் அதே டொக்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எனக்கே வெட்கமாக இருந்தாலும், கணவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு உடனே நாற்காலி வந்தது, டீ வந்தது. மெக்கானிக் அவரிடம் சஸ்பென்ஷன் என்றால் என்ன, புஷ் என்றால் என்ன என்று பாடமே நடத்தினார். இவரும் புரிந்தவர் மாதிரி "ஓஹோ" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கிளட்ச் எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். கடைசியில் மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

"வண்டியில ஒண்ணும் இல்ல சார். மேடம் திருப்பிக்கினே ஆக்சிலேட்டர ஜாஸ்தி மிதிக்கிறாங்க. கொஞ்சம் ஸ்மூத்தா ஓட்டச் சொல்லுங்க."

என் கணவர் தலையாட்டினார். போகும்போது மெக்கானிக் அவருடைய செல் நம்பரையும் வாங்கி அட்டையில் எழுதிக்கொண்டார். என் நம்பர் அதே அட்டையில் முதல் வரியிலேயே இருந்தது.

அந்த வாரம் சத்தம் பெரிதானது. புதன்கிழமை இறங்கும்போது ஒரு வளைவில் ஸ்டீரிங்கை ஒடித்தேன், வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. பக்கத்தில் தடுப்புச் சுவர் இடிந்து கிடக்கும் இடம் அது. நர்ஸ் கண்ணை மூடிக்கொண்டாள். கீழே வந்து இறங்கியதும் என் முகத்தைப் பார்க்காமல், "நாளையிலேர்ந்து நான் பஸ்லயே வந்துடறேங்க்கா" என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டில் குழந்தை இருக்கிறது அவளுக்கு. எனக்கும் இருக்கிறது.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு நேராகக் கடைக்குப் போனேன். சாவியைக் கொடுக்கவில்லை.

"நீங்க ஒக்காருங்க. நான் ஓட்டறேன். மலைக்குப் போய்ட்டு வரலாம்."

"கடைய வுட்டுட்டு எப்படிங்க மேடம்."

"போன வாரம் என் கண்ணு முன்னாடியே ஒரு சார் வண்டிய டிரையல் பாக்கத் தியாகதுருகம் வரைக்கும் போனீங்களே, அப்ப கடை இன்னா ஆச்சு?"

அவர் டூல்ஸ் பையோடு ஏறினார். வழியெல்லாம் கியரை மாற்றச் சொன்னார், ஹாரன் அடிக்கச் சொன்னார். அடிவாரம் தாண்டியதும் மேலே இருந்த பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டு வந்தார். முதல் வளைவில் டொக். அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சக்கரத்தை எட்டிப் பார்த்தார். இரண்டாவது வளைவில் இன்னொரு டொக், இந்த முறை தரையே அதிர்ந்தது.

"மேடம், ஓரங்கட்டுங்க" என்றார். குரல் மாறியிருந்தது.

பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, முன்பக்கம் ஜாக்கி ஏற்றி, இடது டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். சக்கரமே கழன்று கையோடு வருகிற மாதிரி ஆடியது. சக்கரத்தை வண்டியோடு பிடித்திருக்கிற லோயர் ஆர்மில், தோள் மூட்டு மாதிரி ஓர் உருண்டை மூட்டு உண்டு. அதன் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் போய், சேறு புகுந்து தேய்ந்திருந்தது. இன்னும் நான்கு நாள் ஓட்டியிருந்தால் ஏதாவது ஒரு வளைவில் மூட்டு பிடுங்கிக்கொண்டு சக்கரம் சாய்ந்திருக்கும் என்று அவரே சொன்னார். இதைக் கண்டுபிடிக்க அவருக்கு அரை நிமிடம் ஆனது. கடையிலும் ஜாக்கி இருந்தது, டயர் இருந்தது, கை இருந்தது. இரண்டு முறை போனேன், அந்த அரை நிமிடம் எனக்குக் கிடைக்கவில்லை.

புது ஆர்மை அடுத்த மலை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பச் சொல்லிக் கடைக்குப் பேசினார். பிறகு, நான் எதிரே நிற்கும்போதே, இன்னொரு நம்பருக்குப் போட்டார்.

"சார், நல்ல வேளை, மலைக்கே வந்து கண்டுபுடிச்சிட்டேன். லோயர் ஆர்ம் போய்டுச்சு. மாத்திடட்டுங்களா?"

ஸ்பீக்கரில் என் கணவரின் குரல் கேட்டது. "அப்படிங்களா. ரொம்ப நன்றிங்க. மாத்திடுங்க."

"சார் ஓகே சொல்லிட்டாரு மேடம்" என்றார் என்னிடம். அந்த நேரத்தில் என் கையில் ஸ்பேனர் இல்லாதது எங்கள் இருவருக்கும் நல்லதாகப் போயிற்று.

பஸ் வர இரண்டு மணி நேரம் ஆனது. மாற்றி முடித்ததும் கழற்றிய பழைய ஆர்மைக் கேட்டேன். "வெறும் இரும்பு மேடம், அது இன்னாத்துக்கு" என்றார். விடாமல் வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் அதைச் செய்தித்தாளில் சுற்றியபடியே சாப்பாட்டு மேசையில் என் கணவர் முன்னால் வைத்தேன். அவர் பிரித்தார். அந்த உருண்டை மூட்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார்.

டொக்.

"ஆமா, சத்தம் வருதே" என்றார்.

"சார் சொல்றாரு" என்றேன்.