ஆறு கடையும் ஒரு முனியனும்

தோட்டத்து வாசலில் கடை போட்டவனுக்கு ஒரு வியாதி வரும். பக்கத்தில் நாலடி இடம் சும்மா கிடந்தால் போதும், அங்கே இன்னொரு கடை அவன் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். கடை வைத்து நொந்தவர்கள் இதைப் படித்தால் தலையை ஆட்டுவார்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

என் கடை மலாயாவில், கோல சிலாங்கூரிலிருந்து ஆற்றோடு மேலே, பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் போகிற வழியில், ஒரு ரப்பர் தோட்டத்தின் வாசலில் இருந்தது. உலகத்தின் முதல் பெரிய சண்டை முடிந்து, ரப்பருக்கு நல்ல விலை ஓடிக்கொண்டிருந்த நேரம். நான் பட்டுக்கோட்டைப் பக்கம். ஊரில் அண்ணன்மார் மூன்று பேர், ஒரே வீடு, ஒரே அடுப்பு. அந்த வீட்டுக் கடைசி மருமகளாக என் மனைவி பாக்கியம் பட்ட பாட்டை நான் எழுதினால் அண்ணிமார் மனம் புண்படும். கப்பலை விட்டு இறங்கிய அன்றே அவள் சொல்லிவிட்டாள்: "கட ஓடுதோ ஓடலையோ, அந்த அடுப்படிக்கு மட்டும் என்னைத் திருப்பி அனுப்பிடாதிங்க."

அந்தப் பேச்சு என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு வியாபாரம் படுத்தால் இன்னொன்று தாங்க வேண்டும் என்று யோசித்தேன். முதலில் இருந்த மளிகைக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை போட்டேன். பிறகு ஒரு தையல் மெஷின் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வரும் நாவிதருக்கு ஒரு நாற்காலி, வாடகைக்கு ஒரு சைக்கிள். கடைசியாகக் கொல்லையில் மூன்று பசுக்கள். பசு பாக்கியத்தின் யோசனை. சாணி நாறுமே என்று நான் முகம் சுளித்தேன். ஆனாலும் ஐந்தைவிட ஆறு பலமாகத் தோன்றியதால் சரி என்றேன்.

மண்டோர் சட்டை

எல்லாம் ஒரே அத்தாப்பு ஓலைக் கூரைக்குக் கீழே. தையல் மெஷினுக்கும் நாவிதர் நாற்காலிக்கும் நடுவில் ஒரு சாக்குப்படுதாதான் மறைப்பு. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு காலையிலிருந்து, லயம் என்கிற கூலி வரிசை வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து, முடி வெட்டு நடந்துகொண்டே இருந்தது. படுதாவுக்கு இந்தப் பக்கம் தையல்காரர் தலை நிமிராமல் மிதித்துக்கொண்டிருந்தார். ஆற்றுக் காற்று வேறு நன்றாக வீசியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. முடி வெட்ட வந்தவன் தேத்தண்ணி குடித்தான், குடித்தவன் துணி எடுத்தான்.

தீபாவளியன்று காலையில் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர், அன்று என் மெஷினில் தைத்த புதுச் சட்டையோடு வந்தார். வாழ்த்துச் சொல்ல வருகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் தோளைச் சொறிந்தார், முதுகைச் சொறிந்தார், கடைசியில் சட்டையைக் கழற்றி என் மேசைமேல் உதறினார். கறுப்பும் நரையுமாக ஒரு கைப்பிடி முடி விழுந்தது. "யோவ், இந்தச் சட்டக்குள்ள லயத்து ஆளுங்க அத்தன பேரும் இருக்கானுங்க. நான் எங்கய்யா நுழையிறது?" என்றார்.

தள்ளிக்கொண்டு போன சைக்கிள்

முனியன் என்று ஒரு பையன் ரப்பர் மரத்தில் பால்வெட்டு வேலை செய்துகொண்டிருந்தான். தாய் தகப்பன் இல்லை, வாய் மட்டும் உண்டு. பக்கத்துத் தோட்டத்தில் அவனுக்கு ஒரு பெண் பேசியிருந்தார்கள். பெண் பார்க்கப் போகிற நாளில் என் நாற்காலியில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டான். என் மெஷினில் தைத்த சட்டையைப் போட்டான், முடி இருக்கிறதா என்று நன்றாக உதறிவிட்டுத்தான். தேத்தண்ணி குடித்தான், பெண் வீட்டுக்குச் சர்க்கரையும் பிஸ்கட்டும் வாங்கினான். கடைசியில் சைக்கிளையும் வாடகைக்கு எடுத்தான். ஒரே ஆள் ஆறு கடைக்கும் வாடிக்கை! பால் மட்டும் பாக்கி என்று பார்த்தால், தேத்தண்ணியில் அதுவும் இருந்தது. அன்று மாலை என் யோசனையை நானே மெச்சிக்கொண்டேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் முனியன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தான். சக்கரத்தில் காற்று இருந்தது, சங்கிலியும் சரியாக இருந்தது. ஏன் தள்ளிக்கொண்டு வருகிறாய் என்றேன். போகும்போதும் தள்ளிக்கொண்டுதான் போனானாம், ஓட்டத் தெரியாதாம். பிறகு எதற்கடா வாடகை கொடுத்தாய் என்று கேட்டதற்கு, "ஓட்டுறதுக்கா குடுத்தேன் மொதலாளி? பொண்ணு வூட்டுக்காரங்க பாக்குறதுக்குல்ல குடுத்தேன்" என்றான்.

மூன்று பெயர்கள்

தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை உடுப்பு, மடித்த குடை, மாலையில் என் கடையில் ஒரு தேத்தண்ணி. மற்றவர்கள் நின்று குடிப்பார்கள். அவருக்கு மட்டும் நாவிதர் நாற்காலியைத் துடைத்துப் போடுவேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்ததையெல்லாம் பங்குகளாக வாங்கி வைத்திருந்தார். மூன்று தோட்டக் கம்பெனி, மூன்றுக்கும் வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர். ஒன்றின் நிலம் இந்தப் பக்கம், மற்ற இரண்டும் வேறு வேறு ஜில்லா. அவற்றின் பெயர்களை அவர் சொல்லும்போது சொந்தப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற குரல் வரும்.

ஒரு நாள் என் கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். மெஷின், நாற்காலி, சைக்கிள், மாடு. அவர் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. படித்த மனுஷர் என் யோசனையை ஒத்துக்கொண்டால் எனக்கு எப்படி இருக்கும்! அன்றைய தேத்தண்ணிக்குக் காசு வாங்கவில்லை. "நீரும் என்னை மாதிரித்தான் காணும். ஒண்டு விழுந்தாலும் மற்றது நிக்கும். எல்லாத்தையும் ஒரே இடத்தில போடுறவன் விசரன்" என்றார்.

காலி நாற்காலி

பிறகு ரப்பர் விலை விழுந்தது. சும்மா விழவில்லை, படுத்தே விட்டது. பாதி மரத்தில் பால் வெட்டாமல் விட்டார்கள். ஒரு நாள் வேலை, மறுநாள் இல்லை. சில லயங்களைக் காலி செய்து ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். நான் கலங்கவில்லை. சாமான் வாங்காவிட்டால் தேத்தண்ணி குடிப்பார்கள், குடிக்காவிட்டால் துணி தைப்பார்கள், ஏதாவது ஒன்று நிற்கும் என்று காத்திருந்தேன்.

எதுவும் நிற்கவில்லை. எல்லாம் ஒரே வாரத்தில் படுத்துக்கொண்டன. நாவிதர் வருவதை நிறுத்தினார். தையல்காரர் மெஷின்மேல் தலை வைத்துத் தூங்கினார். சைக்கிள் சுவரில் சாய்ந்தே கிடந்தது. பாலை நாங்களே குடித்தோம். எனக்கு இது புரியவே இல்லை. வேறு வேறு வியாபாரம், எப்படி ஒன்றாகப் படுக்கும்? சூனியம்கூட வைத்திருப்பார்களோ என்று நினைத்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

முனியன் ஒரு நாள் அந்தப் பக்கம் போனான். தாடி, கிழிந்த சட்டை. கல்யாணம் தள்ளிப் போய்விட்டது. நாவிதரைக் கூப்பிடுகிறேன், சவரம் செய்துகொள்கிறாயா என்றேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினான். சட்டை தைக்கிறாயா, தேத்தண்ணி, சைக்கிள் என்று வரிசையாகக் கேட்டேன். அவன் என்னைப் பாவமாகப் பார்த்தான். "மொதலாளி, கட ஆறு வச்சிங்க, சரி. ஆனா ஆறுக்கும் வந்து போனது நான் ஒருத்தன்தானே லா? எனக்கு வேல இல்லன்னா ஆறுக்கும் இல்ல" என்றான்.

அவன் போன பிறகு வெகுநேரம் அந்தக் காலி நாற்காலியில் நானே உட்கார்ந்திருந்தேன். ஆறு கால் ஊன்றினேன், ஆறையும் ஒரே பலகைமேல் ஊன்றியிருக்கிறேன். மாலையில் கிராணி ஐயா வந்தார். நாற்காலியைத் துடைத்தேன், அவர் உட்காரவில்லை. மூன்று கம்பெனிப் பங்கும் செல்லாக்காசாகிவிட்டதாம். வேறு வேறு ஜில்லா என்றீர்களே ஐயா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. குடையை ஊன்றிக்கொண்டு, "ஜில்லா வேறதான், காணும். மரம் ஒண்டுதானே" என்றார்.

கீரை வந்த வழி

ஊருக்குக் கப்பலேறுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அண்ணன்மார் வீட்டுக் கதவு எனக்குத் திறந்திருக்கும். பாக்கியத்துக்கு அது திறக்கிற கதவு அல்ல என்று எனக்கும் தெரியும். அவளிடம் சொல்லத் தைரியம் வராமல், முதலில் மாட்டை விற்றுக் கப்பல் செலவுக்கு வழி பண்ணலாம் என்று ஒரு மாட்டு வியாபாரியைக் கூட்டிவந்தேன். அவன் பசுவின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பாக்கியம் வெளியே வந்தாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு சீனர் மாட்டுவண்டியோடு கொல்லைக்குள் வந்தார். ஆ செங் என்று பெயர். பத்தாங் பெர்ஜுந்தாயில் ஈயம் எடுத்து விட்டுப்போன மணல் தரையில் காய்கறி போடுகிறவர். தம் வீட்டுக்கு வருவது போல நேரே சாணிக் குவியலுக்குப் போனார். விசாரித்தால், ஒரு வருஷமாகவே வருகிறாராம். பாக்கியம் சாணி கொடுப்பாள், அவர் கீரையும் கத்தரிக்காயும் கொடுப்பார். அந்தக் கீரையை நான் தினமும் சோற்றில் பிசைந்து தின்றிருக்கிறேன். எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஆறு கடைக்காரனுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்?

மாடு விலை பேசுவதைக் கண்டதும் ஆ செங்குக்கு முகம் மாறிவிட்டது. மாடு போனால் சாணிக்கு எங்கே போவது, சாணி இல்லாவிட்டால் அந்த மணலில் புல்கூட முளைக்காது என்று சந்தைப் பேச்சான பாசார் மலாயில் கத்தினார். இனிமேல் காசாகவே கொடுத்துவிடுகிறேன், இன்னும் மாடு இருந்தாலும் வாங்கு என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ரப்பரே விழுந்துவிட்டது, உன் கீரையை யார் வாங்குவார்கள் என்று கேட்டேன். அவர் காய்கறி கோல சிலாங்கூர்ப் பாசாருக்குப் போகிறதாம். அங்கே மீன்பிடிக்கிறவர்கள், தென்னந்தோப்புக்காரர்கள், சர்க்கார் ஆட்கள், எல்லாரும் வாங்குகிறார்களாம். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரப்பர் விழுந்தால் அவர்களுக்குப் பசி எடுக்காதா?" என்றார்.

மாட்டு வியாபாரி வெற்றுக் கயிற்றோடு திரும்பிப் போனான்.

எந்த மாடு?

புத்தி வந்தால் வேகமாக வரும் எனக்கு. கடையைப் பெருக்குவதை விட்டு, வாங்குகிற ஆளைப் பெருக்கக் கிளம்பினேன். சாணி ஆ செங்கின் வண்டியிலேயே அவருக்குப் போனது. திரும்பும் வண்டியில் அவர் காய்கறி ஏறியது, வாரம் ஒருமுறை கோல சிலாங்கூருக்குப் போனோம். வரும்போது கருவாடு. முனியனுக்கு வேலையில்லாத நாட்களில் வண்டி ஓட்டும் வேலை கொடுத்தேன். சைக்கிளைவிட மாடு அவன் பேச்சைக் கேட்டது. தூங்கிக்கொண்டிருந்த தையல்காரரை எழுப்பி, நோன்புப் பெருநாளுக்கு முன்னால் மலாய்க்காரர்களுக்குப் பாஜு என்கிற மேல்சட்டையும் கால்சட்டையும் தைக்கச் சொன்னேன்.

துணி நன்றாகவே அமைந்தது. இந்த முறை ஒரு முடிகூட இல்லை, நானே உதறிப் பார்த்தேன். ஆனால் அதை ஏற்றியது முந்தின நாள் சாணி ஏற்றிய வண்டி. பாசாரில் ஒரு மீனவர் மனைவி பாஜுவைக் கையில் எடுத்துத் தையலைத் தடவிப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். "தையல் நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. எந்த மாடு தைத்தது?" என்று மலாயில் கேட்டார். கேட்டுவிட்டு இரண்டு வாங்கிக்கொண்டார்.

மறுபடியும் விலை

சில வருஷம் கழித்து ரப்பர் எழுந்தது. எழுந்து ஆட்டம் போட்டது. லயங்கள் நிறைந்தன, நாவிதர் திரும்பி வந்தார், நாற்காலிக்கு முன்னால் கூட்டம். முனியன் தன் கல்யாணத்துக்குச் சைக்கிளைக் கேட்டான். இப்போதாவது ஓட்டத் தெரியுமா என்றேன். தெரியாதாம், இனிமேல் எதற்கு என்றான். கிராணி ஐயா பங்குகளை விற்காமல் வைத்திருந்தவர். புதுக் குடையோடு வந்து உட்கார்ந்தார். ஆற்றோரம் ஒரு துண்டு ரப்பர்த் தோட்டம் விலைக்கு வருகிறது, அந்தச் சாணிச் சனியனை விற்றுவிட்டு வாங்கும் என்றார். "இப்ப வாங்காட்டி பிறகு எப்ப வாங்கிறது, காணும்?" என்றும் கேட்டார்.

எனக்கு நாக்கில் தண்ணீர் ஊறியது, பொய் சொல்ல மாட்டேன். கொல்லைக்குப் போய், பால் கறந்துகொண்டிருந்த பாக்கியத்திடம் விஷயத்தைச் சொன்னேன். வேண்டாம் என்பாள், சண்டை போடலாம் என்று வார்த்தைகளை எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் கறப்பதை நிறுத்தவே இல்லை. "வாங்குங்க, வேணாங்கல. ஆனா மாடும் சாணியும் என் பேர்ல இருக்கட்டும். ரப்பரு மறுபடியும் விழுந்தா, அந்த அடுப்படிக்கு நீங்க மட்டும் போய்ட்டு வாங்க" என்றாள்.

அதனால் இன்று கடைப் பலகையில் முதலாளி என்று என் பெயர் இருக்கிறது, மாடும் சாணியும் பாக்கியத்தின் பேரில் இருக்கின்றன; இந்த நாட்டில் நான் நிலைத்து நிற்பதற்கு எது காரணம் என்று யாராவது கேட்டால் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் கை காட்டிவிடுகிறேன்.