மரியநாயகி ஏறிய நெருப்புக் கோபுரம்

ஊர்காவற்துறைக் கடற்கரையில் முருகைக்கல்லால், அதாவது பவளப்பாறைக் கல்லால், கட்டிய கோபுரம் ஒன்று நின்றது. கப்பல் பார்க்க ஒல்லாந்தர் கட்டியது என்பார்கள். புகையிலைக் கொட்டில்களில் பற்றிய நெருப்பு ஒருமுறை பாதி ஊரைத் தின்றபின், உச்சியில் மணி கட்டி அதை நெருப்புக் காவலுக்கு ஆக்கினார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் அந்தக் காவல் குருசுமுத்துவுக்குக் கிடைத்தது. வலக்கை விளங்காமல் போனதால் கடலுக்குப் போக ஏலாத மனிதர்.

அறுபத்திரண்டில், தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசிய நாட்களில், அடுத்தடுத்து மூன்று ஓலைவீடுகள் எரிந்தன. மூன்றையும் முதலில் கண்டு மணி அடித்தவர் அவர்தான்.

"கொளுத்தினவனுக்குத்தானே எங்கை எரியுமெண்டு தெரியும்," என்றாள் செபஸ்தியம்மா, மீன்சந்தையில். குருசுமுத்துவின் மனைவி மரியநாயகியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மரியநாயகிக்கு அப்போது கோபம்தான் வந்தது. புருசனின் சட்டையைத் தோய்க்கும்போதுதான் சந்தேகம் வந்தது. மண்ணெண்ணெய் மணத்தது.

"லாம்புக்கு எண்ணெய் விட்டனான்," என்றார் அவர்.

அவளுக்கு மனம் ஆறவில்லை. நெருப்புப்பெட்டியை ஒளித்துவைத்தாள். அவர் மத்தியானத்தில் கண்ணயர்ந்தால் விரல்களை முகர்ந்து பார்த்தாள். கடைசியில் ஒருநாள், "சுருவில் ஊரிலை மாமிக்குச் சுகமில்லையாம், போட்டு வாங்கோ. நான் ஏறியிருக்கிறன்," என்று பொய் சொல்லி அனுப்பினாள்.

கோபுரத்தில் செபமாலையோடு உட்கார்ந்தாள். அவர் இல்லாதபோது ஒரு வீடு எரியவேண்டும் என்பதே அவள் செபமாக இருந்தது.

உச்சி வெயிலில், கரையோரச் சுண்ணாம்புச் சூளையிலிருந்து காற்று தணலை அள்ளிக்கொண்டு போவதைக் கண்டாள். அது யாக்கோப்பு வீட்டுக் கூரையில் விழுந்து புகைந்தது. மகிழ்ச்சியில் அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பிறகுதான் மணியின் கயிற்றைப் பிடித்தாள். யாக்கோப்பு குடும்பம் தப்பியது, வீடு போய்விட்டது.

அவள் கண்டதைச் சொல்ல, சூளையை ஊருக்கு வெளியே மாற்றினார்கள். குருசுமுத்துவிடம் பலர் வந்து கைபிடித்துப் பேசினார்கள். ஆனால் சுருவிலிலிருந்து திரும்பிய அன்று அவர் அவளிடம் ஒன்றுதான் கேட்டார்.

"மாமி சுகமாய்த்தான் இருக்கிறா. என்னை ஏன் அனுப்பினனீ?"

அவள் மறைக்கவில்லை.

"ஊர் சொன்னதைப் பொறுத்தனான். நீயுமோ?" என்றார்.

இரண்டு வருடம் தேவைக்கு மட்டுமே பேசினார். அறுபத்து நாலாம் ஆண்டுப் புயல் கோபுரத்தின் மேற்பாதியைச் சரித்தது. யாரும் திருப்பிக் கட்டவில்லை. வேலை போனபின் இருவரும் சேர்ந்து கருவாடு காயப்போட்டார்கள். அங்கே, காகம் கலைத்தபடி, அவர் மெல்ல மெல்லப் பழைய மாதிரிப் பேசத் தொடங்கினார். மன்னித்துவிட்டாரா என்று அவள் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.