மாசி மகத்தன்று வந்த விசாரணை

ஈர மணலை இரண்டு உள்ளங்கைகளாலும் தட்டித் தட்டி அண்ணி படி கட்டிக்கொண்டிருந்தாள். ஏழு படி. மாமல்லபுரம் கடற்கரை, மாசி மகம், பொழுது அப்போதுதான் வெளுத்துக்கொண்டு வந்தது. கழிகளில் பழைய சேலைகளையும் தார்ப்பாய்களையும் கட்டி, மூன்று நாளாக எங்கள் இருளர் சனம் அந்த மணலில்தான் குடியிருந்தது. திருத்தணிப் பக்கமிருந்து, திண்டிவனம் பக்கமிருந்து, எங்கெங்கோ இருந்து வந்தவர்கள். படியின்மேல் பூவும் தேங்காயும் வெற்றிலையும் வைத்துக் கடலைப் பார்த்து எங்கள் சாமி கன்னியம்மாவைக் கூப்பிடுவது வழக்கம். அந்த வருடம் அண்ணி அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மகளுக்குச் சாதிச் சான்றிதழ் கிடைக்க வேண்டும். பெண் பன்னிரண்டாவது பரீட்சை எழுதப் போகிறாள், அடுத்து நர்ஸ் படிப்புக்கு மனுப் போட வேண்டும், அந்தத் தாள் இல்லாவிட்டால் சீட்டு இல்லை. அண்ணி கும்பிட்டு எழுந்த அதே நாள் காலையில், சதுரங்கப்பட்டினத்துக்கு மேற்கே இருக்கும் எங்கள் குடியிருப்புக்கு, நாங்கள் உண்மையில் இருளர்தானா என்று விசாரிக்க வருவாய் ஆபீசிலிருந்து ஆர்.ஐ. வந்து நின்றிருக்கிறார்.

வீடுகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. பூட்டு இல்லாத கதவுகள் கயிற்றால் கட்டிக் கிடந்தன. நாய்கள் மட்டும் இருந்தன. "நாலு தபா கொரலு குட்த்துப் பாத்தாரு. அப்பால இன்னாவோ எழுதிகினு பூட்டாரு" என்று டீக்கடைக்காரர் சொன்னார். என்ன எழுதினார் என்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. மேற்படி இடத்தில் இருளர் எவரும் வசிக்கவில்லை. இதை என்னவென்று சொல்வது? இருளராக இருந்ததால்தானே அன்றைக்கு நாங்கள் வீட்டில் இல்லை. ஊரில் மற்ற எல்லாரும் இருந்து எங்கள் தெரு மட்டும் காலியாகக் கிடந்ததே, அதைவிட என்ன சாட்சி வேண்டும் அந்த மனிதருக்கு? இதை ஆபீசுக்குப் போய்ப் போய்ச் சொன்னோம். வாய் வலித்ததுதான் மிச்சம்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் முடிப்பதற்குள் அடுப்பில் உலை கொதித்து அடங்கிவிடும். இதை எழுதித் தருகிறேன் என்று சொன்னவர்கள் உண்டு. வேண்டாம் என்றுவிட்டேன். எங்களைப் பற்றி அடுத்தவர் எழுதியதால் வந்த வினையைத்தானே சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணி என் பெரிய அண்ணனின் பெண்டாட்டி. அண்ணன் சீக்கிரம் போய்விட்டார். சவுக்குத் தோப்பில் கட்டை வெட்டியும், கழனிகளில் எலி பிடித்தும், புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் கழுவிக் கொடுத்தும் அந்த ஒற்றைப் பெண்ணைப் படிக்க வைத்தாள். மனுக்களை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் எங்கும் போவாள். குட்டையான உருவம், பெரிய குரல். ஆபீசுக்குப் போகிறோம், குரலைக் குறைத்துக்கொள் அண்ணி என்று பஸ்ஸில் நான் சொல்லிக்கொண்டே வருவேன். தலையை ஆட்டுவாள். அங்கே போனதும் மறந்துவிடுவாள்.

ஒரு நாள் அங்கிருந்த கிளார்க் கேட்டார்: "இருளருன்னு சொல்றியே, பாம்பு புடிப்பியா? எங்க, ஒண்ணு புடிச்சிக் காட்டு பாக்கலாம்."

அண்ணி யோசிக்கவே இல்லை. "நீ சான்றிதழ் வாங்கசொல்ல உன்ன இன்னா சார் புடிச்சிக் காட்டச் சொன்னாங்க?"

அறையில் இருந்த எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்காக எங்கள் மனு கட்டுக்கு அடியில் போய்விட்டது. வெளியே வந்ததும் நான் திட்டினேன். "அவன் கேட்டது மட்டும் உனக்கு இனிச்சிச்சாடி?" என்றாள்.

பிறகுதான் எங்கள் பஞ்சாயத்துத் தலைவரம்மா வழி சொன்னார். "நாட்டோட சட்டத்துலயே உங்க பேரு கீதுக்கா. மே ஒண்ணாந்தேதி கிராம சபைல ஊரே சேந்து இவங்க இருளருங்கதான்னு தீர்மானம் போட்டா, தள்ள முடியாது." சட்டத்தில் எங்கள் பெயர் இருக்கிறதாம். டெல்லியில் இருக்கிறது, எங்கள் தெருவுக்கு மூன்று மைல் தள்ளி இருக்கிற ஆபீசில் இல்லை. கிராம சபைக்கு அதுவரை எங்களில் யாரும் போய் உட்கார்ந்ததில்லை. கூட்டம் முடிந்தபின் கையெழுத்து வாங்க எங்கள் தெருவுக்கு நோட்டுதான் வரும். அன்று குளித்து, தலை வாரி, பதினாறு பொம்பளைகள் போய் முன் வரிசையில் உட்கார்ந்தோம். முதுகுக்குப் பின்னால் ஊர் முணுமுணுப்பது கேட்டது.

தீர்மானத்தைப் படித்ததும் முதலில் எழுந்தவர் பம்ப்செட்டுக்காரர். ஏரிப் பாசனத்தில் பாதி நிலம் அவருடையது. "இன்னா மே, இன்னிக்கி கடக்கர போவலியா?" என்றார். ஊர் சிரித்தது. "ஆபீசர் வர அன்னிக்கி ஊர்ல இல்லாதது உங்க தப்பு. அதுக்கு ஊரு எதுக்கு கையெழுத்து போடணும்? நீங்க யாருன்னு நாங்க இன்னாத்தக் கண்டோம்?"

அண்ணி எழுந்தாள். "நைனா, உன் கயனில எலி பூந்தா யாரக் கூப்புடுவ?"

"உங்களத்தான்."

"எங்களன்னா? யாரன்னு ஆள அனுப்புவ?"

"இன்னா மே இது, இருளருங்களக் கூட்டாடான்னுதான்."

அண்ணி திரும்பினாள். "எழுதிக்கோ தலைவரம்மா."

அப்போது எழுந்த சிரிப்பு எங்கள் பக்கத்துச் சிரிப்பு. தீர்மானம் நிறைவேறியது. பம்ப்செட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டார். அவர் பேனாவை மூடுவதற்குள் அண்ணி, "கையெழுத்து மட்டும் பத்தாது நைனா, நாளைக்கி எங்ககூட ஆபீசுக்கு வா" என்றாள். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. மாட்டேன் என்று சொல்ல அவரால் முடியவில்லை.

வந்தார். சலவை வேட்டி, தோளில் துண்டு. வராந்தா பெஞ்சில் அவர், படிக்கட்டில் நாங்கள். பத்து மணிக்குப் பேப்பர் படித்தார். பதினொன்றுக்குத் துண்டால் விசிறிக்கொண்டார். ஒரு மணிக்குச் சாப்பாட்டு வேளை என்று கதவைச் சாத்தினார்கள். "காலைல நாஸ்தா துன்னதுதான். மன்சன இம்மா நேரமா குந்த வெப்பானுங்க?" என்று எங்களைப் பார்த்துக் கத்தினார்.

"நீ இன்னிக்கிதான வந்த நைனா" என்றாள் அண்ணி.

கதவு திறந்ததும் அவர் விடுவிடுவென்று உள்ளே போனார். அவரைப் பார்த்ததும் நாற்காலி போட்டார்கள். தனக்கு நினைவு தெரிந்த நாளாக இவர்கள் இருளர்தான், மாசி மகத்துக்கு ஒருத்தர் பாக்கியில்லாமல் கடற்கரைக்குப் போய்விடுவார்கள் என்றார். அவ்வளவுதான். "நீங்க சொன்னா சரிங்க ஐயா" என்று அங்கிருந்த அதிகாரி எழுத ஆரம்பித்தார். நாங்கள் அத்தனை நாளாகச் சொன்னதும் அதேதான். ஒரு சொல் கூடவோ குறையவோ இல்லை.

சான்றிதழ் வந்தது. பெண்ணுக்குச் சீட்டும் கிடைத்தது, இன்று அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிறாள். ஆனால் அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது அண்ணி முகம் ஜன்னல் பக்கமே இருந்தது. புதுப்பட்டினத்தில் இறங்கியதும் சொன்னாள்: "நான் தொண்ட கிழியச் சொன்னேன்டி. அவரு ஒக்காந்துகினு சொன்னாரு." பம்ப்செட்டுக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். வெயிலில் வந்தார், காத்திருந்தார். அதற்குப் பிறகு அவர் வாயில் கடற்கரைக் கேலி வந்ததில்லை. இன்றும் எனக்கு ஆறாதது வேறு. எங்கள் வாயில் பொய்யாக இருந்தது அவர் வாயில் எப்படி மெய்யானது?

அண்ணி போய் இரண்டு வருடம் ஆகிறது. இந்த வருடம் குடியிருப்பில் மூன்று பிள்ளைகள் பன்னிரண்டாவது முடிக்கிறார்கள். மறுபடி மனு, மறுபடி விசாரணை. முன்பே ஒருத்திக்குக் கொடுத்தீர்களே, ஊர்த் தீர்மானம் இருக்கிறதே என்றால், அது வேறு கோப்பாம். போன வாரம் பிள்ளைகளின் தாய்மார்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். "பம்ப்செட்டுக்காரு புள்ளயக் கூட்டுகினு போனா ஒரே நாள்ல முடிஞ்சிரும் பெரிம்மா" என்றார்கள்.

கூப்பிடுங்கள் என்றேன். அந்தப் பிள்ளையை மட்டும் இல்லை, ஊரில் கையெழுத்துப் போட்ட அத்தனை பேரையும் கூப்பிடுங்கள். வரட்டும், எங்களோடு படிக்கட்டில் உட்காரட்டும், எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கட்டும். ஆனால் உள்ளே கூப்பிடும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பேசப் போவது நான்.