வாழைக்குப் போன துணித் தண்ணீர்

அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் நேர்மை, பொறுமை என்று உறவினர்கள் நீங்கள் பலரும் எடுத்துக் கொடுத்தீர்கள். எல்லாம் உண்மைதான். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வாஷிங் மெஷின்.

ஏம்பலத்தில் கரும்பு பயிரிட்ட குடும்பத்தில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர் அப்பா. திருமணமானதும் அபிஷேகப்பாக்கத்தில் வீடு கட்டினார். கொல்லையில் அம்மா மொந்தன் வாழை வைத்தார். அம்மா மறைந்த பின் போர்வெல் தண்ணீர் உப்புக் கரித்து, வாழை இலை ஓரமெல்லாம் கருகியது. கல்லூரியில் சுற்றுச்சூழல் படித்துக்கொண்டிருந்த நான் சும்மா இருப்பேனா? ஊர்க் குழாய்த் தண்ணீரில் துணி துவைத்து, அந்தத் தண்ணீரை வாழைக்குத் திருப்பினேன். கையோடு விதிகளும் எழுதி மெஷின் மேல் ஒட்டினேன். ப்ளீச்சிங் கூடாது, பவுடர் பாதி போதும். அன்றைய தண்ணீர் அன்றே வேரடி மண்ணில் இறங்க வேண்டும், தேங்கக் கூடாது. கீரைப் பாத்திப் பக்கமே போகக் கூடாது. நோயாளி துணி அலசியது கழிவறைத் தொட்டிக்குத்தான்.

எனக்குச் சென்னையில் வேலை கிடைத்ததும் வீட்டில் ஒருவர் துணிதான். இரண்டு வேட்டி, ஒரு சட்டை. வாழைக்கு எங்கே காணும்? போன் செய்தால் கடைசியில், “இந்த வாரம் எத்தினி செட்டு எடுத்தாற?” என்பார். பொண்ணு துணியை அப்பன் துவைப்பதா என்று பெரிய அத்தை வைதார். மெஷின்தான் துவைக்குது, நான் சுவிட்ச்தானே போடுறேன் என்றார் அப்பா. எனக்குத்தான் கூச்சமாகிவிட்டது. விடுதியிலேயே துவைத்து, மடித்து, பெருமையாகக் கொண்டுபோனேன்.

“இன்னாம்மா, ஒண்ணுகூட அழுக்கு இல்லியா?” என்று பையைத் துழாவிவிட்டு மூடினார்.

இந்தக் கோடையில் சர்க்கரையால் காலில் புண் வந்து ஆறவில்லை. விரிப்பு, வேட்டியெல்லாம் கறை. அப்பாவே நொண்டிக்கொண்டு போய் மெஷின் குழாயைக் கழிவறைத் தொட்டிப் பக்கம் திருப்பிவிட்டார். வாழை தலை தொங்கியது. கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து வாழைக்கே விடலாமே என்றேன்.

“நீ எழுதி ஒட்னதுதானே? எனக்காக மாத்தாத. நாளைக்கு அந்த மண்ணுல வெறுங்காலோட நடக்கப்போறது நீதான். அடுத்த வாரம் உன் துணிய எடுத்தாந்தா போதும்.”

இரண்டு பை அழுக்குத் துணி சேர்த்தேன். வெள்ளிக்கிழமை பஸ் ஏறுவதற்குள் போன் வந்துவிட்டது.

அப்பாவின் புண்ணுக்குத் தினமும் கட்டுப் போட்ட அடுத்த வீட்டு அண்ணிக்கும், தோள் கொடுத்த அண்ணன்மாருக்கும் நன்றி. அன்று சுடுகாட்டிலிருந்து திரும்பி எங்கள் வீட்டிலேயே குளித்துத் துணி அலசிய உங்கள் அனைவருக்கும் நன்றி. குளியலறைத் தண்ணீர் போகும் குழாயை நான் வாழைக்குத் திருப்பியிருந்தேன். உங்களில் யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள். அவ்வளவு தண்ணீர் அந்தக் கொல்லை பார்த்து வருடக்கணக்காகிறது. இரண்டு மரம் நிமிர்ந்துவிட்டது.

இன்று கருமாதி முடிந்து கிளம்பிவிடுவீர்கள். நான் லீவு முடியும்வரை இங்கேதான், தனியாக. இந்தப் பக்கம் வந்தால் வாசலோடு போய்விடாதீர்கள். தங்கிக் குளித்துவிட்டுப் போகலாம். அழுக்குத் துணி இருந்தால் எடுத்து வாருங்கள்.