மருந்தில் கிடந்த சில்வண்டுக் கூடு

மாமா பினாங்கிலிருந்து வந்தால் எங்களுக்கு சென்ட், சோப்பு, மிட்டாய் வரும். அந்த முறை வாப்பாவுக்கும் ஒரு பை வந்தது. சீன மருந்துக் கடையில் கட்டிய காகிதப் பொட்டலங்கள்.

வாப்பா தறி நெய்பவர். பொழுது சாய்ந்தால் அவருக்கு வாசற்படி தெரியாது. பகலிலும் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வந்தது. விழித்திரை நோய், மருந்து கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேலப்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு இதைத் தெரியவிடாமல் வைத்திருந்தோம். தெரிந்தால் நெய்வதற்கு நூல் தரமாட்டார்கள்.

"பொட்டலத்த அப்படியே அவிச்சுக் குடியும் மச்சான். அங்கன கண்ணு மங்குனவனெல்லாம் இதத்தான் குடிக்கான்," என்றார் மாமா. அவர் உம்மாவின் தம்பி.

மறுநாள் உம்மா முதல் பொட்டலத்தைச் சுளகில் கொட்டினாள். காய்ந்த சாமந்திப்பூ, சிவப்பாகச் சின்னப் பழங்கள், ஏதோ வேர். நடுவில் கால்கள் மடங்கிய சில்வண்டுக் கூடுகள். வண்டு உரித்துப் போட்டுவிட்டுப் போகும் தோல்.

"யா அல்லா, பூச்சியில்லா கெடக்கு! ஹராமோ என்னமோ!"

ஆலிம்சாவிடம் கேட்டிருக்கலாம். யாருக்கு மருந்து என்று அவர் கேட்பார். ஆகவே உம்மா தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். கூடுகளைப் பொறுக்கிவிட்டு மீதியை அவித்தாள். "ஏட்டி, வாப்பாட்ட மூச்சு விட்டிராத," என்று அவற்றை எறிவதற்கு என்னிடம் கொடுத்தாள். எனக்கு அவை அழகாகத் தெரிந்தன. தீப்பெட்டியில் சேர்த்துவைத்தேன்.

"வேப்பெண்ணெய் தேவலாம் வே," என்று மாமாவிடம் முகம் சுளிப்பார் வாப்பா. ஆனால் சொட்டு மிச்சம் வைக்கமாட்டார். இன்றைக்குக் கொஞ்சம் தெளிச்சியாக இருக்கிறது என்றுகூடச் சொல்வார்.

மாமா பினாங்கு திரும்புவதற்கு முந்திய மாலை, மஃரிபு தொழுகைக்குக் கிளம்பிய வாப்பா தன் தறிக்குழிக்குள்ளேயே விழுந்தார். அவரைத் தூக்கி உட்காரவைத்த மாமா உம்மாவிடம் திரும்பினார்.

"ஒண்ணும் விடாமத்தான அவிச்ச, ராத்தா?"

"ஆமா," என்றாள் உம்மா.

அதன்பிறகு தன் கடைசி நாள்வரை வாப்பாவைக் கைபிடித்தே நடத்தினாள். ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. தெருவே மெச்சியது.

இப்போது என் மகன். அந்திக் கருக்கலில் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தான். "உங்க வாப்பாவுக்கு இருந்ததுதான், உங்க வழியா பையனுக்கு வந்திருக்கு," என்றார் பாளையங்கோட்டைக் கண் டாக்டரம்மா. அந்தச் சீன மருந்தைப் பற்றிக் கேட்டேன். எதைச் சேர்த்திருந்தாலும் விட்டிருந்தாலும் அது வாப்பாவின் கண்ணைக் காப்பாற்றியிருக்காது என்றார்.

இதைக் கேட்க உம்மா இல்லை. இருந்திருந்தாலும் நம்பியிருப்பாளா? கேட்டு வந்த நானே அன்று பினாங்குக்கு, மாமா மகனுக்குப் போன் போட்டேன். "அதே பொட்டலம் வேணும். ஒண்ணையும் எடுத்துராம அனுப்பு."

வாப்பா விழுந்த மறுநாள் உம்மா சாப்பிடாமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சிரிக்கவைக்க என் தீப்பெட்டியைத் திறந்து காட்டினேன். பார்த்ததும் சுவரில் தலையைச் சாய்த்து அழ ஆரம்பித்துவிட்டாள். பூச்சிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து நான் அவளைத் தேற்றினேன்.

"வெறும் தோலுதான் உம்மா. ஒண்ணும் செய்யாது."